மழை குளித்த கல்

கேரள எல்லையோரம் எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் அந்தக் காலத்தில் சுண்ணாம்பு என்றால் என் காளவாய்ச் சுண்ணாம்புதான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று இந்த இடத்தில் எழுதுவது எல்லோருக்கும் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அடுத்தவர் காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், கல் சுமந்து தோளில் காய்ப்பு ஏறியவன், எழுபதுகள் பிறந்தபோது சொந்தமாக இரண்டு காளவாய் போட்டிருந்தேன். கொஞ்ச வருஷத்தில் மூன்றாவதும் எழுந்தது. சுவருக்கு வெள்ளையடிக்க, வெற்றிலைக்குத் தடவ, பனை ஏறுகிறவர்கள் பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் பூச, கம்பம்மெட்டில் ஏலத்தோட்டக்காரர்கள் துருசு என்கிற மயில்துத்தத்தோடு கலந்து செடிக்கு மருந்தாக அடிக்க, எல்லாவற்றுக்கும் என் சுண்ணாம்புதான் போயிற்று.

இதற்கு என் சாமர்த்தியம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் கரிசல் காட்டில் உழும்போது கொழுவில் தட்டுமே சுக்காங்கல், மற்றக் காளவாய்க்காரர்கள் அதைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுண்ணாம்பு சாம்பல் நிறமாக வரும். சுவர் கட்ட ஆகும், கலயத்துக்கும் வாய்க்கும் ஆகாது. ராமநாதபுரத்துக் கடற்கரையில் முருகைக்கல் என்று ஒன்று கிடைக்கிறது, துளை துளையாக இருக்கும், பாதி விறகில் வெந்துவிடும், தண்ணீர் தெளித்தால் அரிசி மாவாக உதிரும் என்று பழனிச் சந்தையில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு மறுவாரமே லாரியை அனுப்பியவன் நான். பவளப்பாறை என்று இப்போது படித்தவர்கள் சொல்வது அந்தக் கல்லைத்தான். அது கடலுக்குள் உயிரோடு வளர்வது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து கடல் ஒரு ராத்திரிப் பயணம். லாரி வந்தது, சுட்டேன், விற்றேன்.

ஆனால் வாங்குவதில் முறை உண்டு. கடலிலிருந்து எடுத்த கல்லை அப்படியே சுடக்கூடாது. ஐப்பசி கார்த்திகை மழை முழுவதும் கரையில் குவித்து நனைய விட வேண்டும். உப்பு இறங்கும். ஒட்டியிருக்கும் பாசியும் பூச்சியும் அழுகி ஓடிவிடும். கல் வெயிலில் காய்ந்த எலும்பு மாதிரி வெளுத்துவிடும். மழை குளித்த கல் என்று தொழிலில் அதற்குப் பெயர். லாரி வந்து நின்றதும் நான் கேட்பது ஒரே வார்த்தை:

"குளிச்சுதா?"

"குளிச்சிருச்சுங்க" என்பார் டிரைவர்.

நான் ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைப்பேன். உப்புக் கரித்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இரண்டு முறை திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாக்கால் கல் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது காளவாய் வந்த வருஷம் கல் போதவில்லை. அந்தச் சமயம் பார்த்து நான் கம்பம்மெட்டில் இருந்தேன். மழைக்கு முந்தி ஏலச் செடிக்கு மருந்தடித்தாக வேண்டும், அதனால் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் காளவாயை என் மனைவி பார்த்துக்கொண்டாள். அப்போது வந்தது ஒரு லோடு. எல்லைச் செக்போஸ்டில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மலையாளத்தில், "எந்தாடோ வண்டியில், சவமோ?" என்று கேட்டு, தார்ப்பாயை விலக்கச் சொல்லி, விலக்கியதும் பத்தடி ஓடிப்போய் நின்று கையை மட்டும் ஆட்டிப் போகச் சொன்னாராம். டிரைவர் இதைப் பின்னால் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அன்றைக்குச் சிரிப்பு வந்திருக்காது.

மனைவி அந்தக் கல்லை இறக்க வேண்டாம் என்றிருக்கிறாள். மூன்று காளவாயும் காலியாகக் கிடக்கிறது, மொதலாளி வந்தால் எங்களைத்தான் வைவார் என்று ஆட்கள் அடுக்கித் தீ வைத்துவிட்டார்கள். நாக்கில் வைத்துப் பார்க்க நான் இல்லையே.

நான் மலையிறங்கி வந்து சேர்ந்தபோது வாசலில் பனையேறிகள் கூட்டம். கையில் ஆளுக்கொரு சட்டி.

"ஏனுங்கண்ணா, சுண்ணாம்பா இது?" என்று முன்னால் நின்றவர் சட்டியைச் சாய்த்துக் காட்டினார். பழுப்பாக ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்தது. "எங்கூட்டுக்காரி கிண்டறா, கிண்டறா, கை ஓஞ்சு போச்சுங்க. பாகு களியாட்டம் கெடக்குது. கருப்பட்டி இறுகவே மாட்டேங்குது."

"பதனி பாதி புளிச்சுப் போச்சு, மீதி உப்புக் கரிக்குது" என்றார் இன்னொருவர். "சந்தையில ஒருத்தன் வாயில வெச்சுட்டு, ஏம்ப்பா இது கருப்பட்டியா, கருவாட்டுக் கொழம்பான்னு கேக்கறான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எல்லோருக்கும் பழைய இருப்பிலிருந்து நல்ல சுண்ணாம்பை அள்ளிக் கொடுத்து, விஷயம் வெளியே போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். டிரைவரைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கல்ல ஏத்திவுட்டவன் எவனோ, அவனை எங்கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்து."

நான் கோபத்தில் சொன்னதை டிரைவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த லோடு வந்தபோது கல்லின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெயிலில் கருத்து, கண்ணின் வெள்ளை மட்டும் பழுத்துப் போய், கழுத்தில் ஒரு துண்டு. இறங்கியதும் எனக்குக் கும்பிடு போடவில்லை. நேராக எரிந்துகொண்டிருந்த காளவாய்க்குப் போய், அனல் முகத்தில் அடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"இங்கனதான் எரியுதா?" என்றார்.

"எது?"

"எங்க பாரு."

கடலுக்குள் கல் வளர்ந்து திட்டாகக் கிடக்கும் இடத்தை அவர்கள் பார் என்பார்கள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"காசு குடுத்து வாங்கின கல்லு. உங்க பாருங்கற?"

"காசத் தரகர்ட்டல்ல குடுத்தீக, மொதலாளி."

"அது கெடக்கட்டும். குளிக்காத கல்ல ஏத்துனது யாரு?"

"நாந்தான். நானும் எந்தம்பியும். கடப்பாரையால நெம்பி, வள்ளத்துல ஏத்தி, ஈரம் சொட்டச் சொட்டப் போட்டு அனுப்புனோம்."

"ஏனப்பா, நீயே வெட்டிப்போட்டு எங்கிட்ட என்ன நாயம் பேச வந்த?"

"வெட்டுனவந்தான வந்து சொல்ல முடியும். தரகரா வருவாரு?"

பதிலுக்குப் பதில் பேசுகிற ஆளை எனக்குப் பிடிக்கும். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் சொன்ன விவரம் இது. முன்பெல்லாம் அலை உருட்டிக் கரையோரம் தள்ளிய செத்த கல்லே எங்கும் கிடக்கும். அதைப் பொறுக்கித்தான் எனக்கு ஏற்றினார்கள். பெரிய புயலுக்குப் பிறகு, வீடிழந்த சனம் பக்கத்துக் கரைகளிலிருந்து வந்து இவர்கள் குப்பத்தில் குடியேறியது. மழை பொய்த்த உள்நாட்டு ஊர்க்காரர்களும் கூலிக்கு வந்து தங்கினார்கள். ஒரு தெரு மூன்று தெருவாயிற்று. புயலைப் பார்த்தவன் எவனும் ஓலைக் குடிசையில் படுக்க மாட்டேன் என்கிறான். எல்லோருக்கும் கல்வீடு வேண்டும். அந்தக் கல் பாரிலிருந்துதான் வர வேண்டும். அதோடு என் லாரி வேறு. செத்த கல் தீர்ந்து போயிற்று.

"இப்ப வெட்டுறது பச்சக் கல்லு" என்றார். "உசுரு இருக்கு. நெம்பித் தூக்குனா சளி மாதிரி வழியும். அது அழுகித்தான் உங்க சுண்ணாம்பு நாறியிருக்கு."

அவர்களுக்கு இரண்டு பார். ஒன்று தூரத்தில். இன்னொன்று குப்பத்துக்கு நேர் எதிரே, நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். பக்கத்துப் பாரில் வெட்டினால் வள்ளம் ஒரு நாளைக்கு நான்கு நடை அடிக்கலாம். அதனால் தரகர் அதையே வெட்டச் சொல்கிறார். ஒரு பக்கம் வெட்டியாயிற்று. போன வாடைக்காற்றில் வெட்டிய வாய் வழியாக அலை உள்ளே புகுந்து இவர் வீட்டுச் சுவரைத் தொட்டுவிட்டுப் போனது. மீதியையும் வெட்டினால் வருகிற வாடைக்குத் தெருவே இருக்காது.

"உங்க ஒரு லாரி நின்னாப் போதும். எங்க கரையில பெரிய கை நீங்கதான்னு தரகரே சொல்றாரு."

பெரிய கை என்றது காதுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் வியாபாரம் வியாபாரம். "யோசிக்கறேன்" என்றேன். எங்கள் பக்கம் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

மத்தியானம் என் மனைவி அவருக்குச் சோறு போட்டாள். தட்டைப் பார்த்துவிட்டு அவர், "மீன் கெடைக்காத ஊருல மனுசன் எப்படித்தான் பொழைக்கிறீகளோ" என்றார். "கடலுத் தண்ணியில கொழம்பு வெக்கற ஊருல பொழைக்கறப்ப, இங்க பொழைக்க மாட்டமா?" என்றாள் அவள். அவர் சிரித்து, இன்னொரு முறை சோறு வாங்கினார்.

அந்த லோடு கரையில் மிஞ்சியிருந்த கடைசிக் குளித்த கல். அதை இறக்கி முடிகிறவரை அவர் கால் போன போக்கில் ஏரிப் பக்கம் நடந்தார். நானும் கூடப் போனேன். எங்கள் பக்கம் ஆறு கைகொடுக்காத பூமி. எங்கள் மேட்டு நிலத்துக்கெல்லாம் ஏரித் தண்ணீர்தான். மழைக்கு முந்தி வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையில் மண் போட்டுவிட்டுப் போக வேண்டும். நிலம் உள்ளவன், இல்லாதவன் எல்லோருக்கும் அதே முறைதான். கரையிலிருந்து மட்டும் ஒரு பிடி மண் யாரும் எடுக்கக்கூடாது. அன்றைக்கும் பத்துப் பேர் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு கமிட்டி உண்டு, அதற்கு நான்தான் தலைவர்.

"இதுக்கு எதுக்கு இம்புட்டுக் காவல்?" என்றார் அவர்.

"கரை போனா ஊரு போச்சில்ல?"

அவர் குனிந்து கரை மண்ணைத் தட்டிப் பார்த்தார். "நீங்க தண்ணி வெளிய போயிரக் கூடாதுன்னு கட்டியிருக்கீக. எங்களுக்குத் தண்ணி உள்ள வந்திரக் கூடாது. உங்களுக்கு மண்ணுப் போட ஆளு இருக்கு. எங்க கரை தானா வளருது, நாங்க ஒன்னும் போட வேணாம். எடுக்காம இருந்தாப் போதும்."

அவ்வளவுதான் பேசினார். சாயங்காலம் லாரியில் ஏறிப் போய்விட்டார்.

நான் விட்டுவிட்டேன், என் மனைவி விடவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, போன வருசம் அந்தக் கோயில் பண்டாரம் தன்ற ஊட்டுத் தரையை ஒசத்த ஏரிக்கரையில ரெண்டு கூடை மண்ணெடுத்தாரே, அவரைக் கமிட்டி முன்னால எத்தனை நேரமுங்க நிக்க வெச்சீங்க?"

"அது கரை. எடுக்கலாமா?"

"எடுக்கக் கூடாதுங்க. அதான் கேட்டேன்."

"ஏம்புள்ள, குத்திக் குத்திப் பேசற?"

"நானென்ன பேசறேன்? அவரு கூடையில எடுத்தாரு, நீங்க லாரியில எடுக்கறீங்க. அவரு நம்மூரு, அது அடுத்தவன் ஊரு. அவ்வளவுதானுங்களே வித்தியாசம்."

முறத்தில் அரிசி எழும்பி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கமிட்டித் தலைவரை யார் என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் சொந்த வீட்டில் சொன்னால் என்ன செய்வது? சரக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று அடுத்த லாரியில் நானே ஏறினேன்.

விடியும்போது கடலைப் பார்த்தேன். முதல் தடவை. பெரிய ஏரி என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு எதிர்க்கரை இல்லாதது கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. காளவாய்க்கு வந்துபோன அந்த மீன்காரர் என்னைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். காற்று இல்லை. தண்ணீர் வற்றியிருந்த நேரம். கொஞ்ச தூரம் தள்ளிப் போனதும் துடுப்பை நிறுத்திவிட்டு, "குனிஞ்சு பாருங்க" என்றார்.

முதலில் வெட்டிய பக்கம். வெள்ளைத் தூளும் உடைந்த சில்லுமாக, என் காளவாய் முற்றம் மாதிரியே இருந்தது. ஒரு மீன்கூட இல்லை. வள்ளம் மெதுவாக நகர்ந்தது. அப்புறம் வெட்டாத பக்கம் வந்தது. மான்கொம்பு மாதிரி கிளை விட்ட கல், பூக்கோசு மாதிரி சுருண்ட கல், தாம்பாளம் அடுக்கியது மாதிரி படர்ந்த கல். பழுப்பு, பச்சை, ஊதா. கிளிமூக்கோடு ஒரு மீன் கல்லைக் கொறிக்கிற சத்தம் வள்ளத்துக்கே கேட்டது. இடுக்கில் மீசையை ஆட்டிக்கொண்டு சிங்கி இறால். இத்தனை வருஷம் நாக்கில் வைத்துப் பார்த்த சரக்கு உயிரோடு இருக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கை நீட்டித் தொட்டேன். வழவழவென்று இருந்தது, கன்றுக்குட்டி மூக்கு மாதிரி.

"ரொம்ப அமுக்காதீக, அறுத்துப்புடும்" என்றார் அவர்.

கரையில் தரகர் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"நீங்க எடுக்கலேன்னா இன்னொரு காளவாய்க்காரர் எடுப்பாரு. கல்லு இங்க இருக்கப்போறதில்ல, முதலாளி. போற லாரிதான் மாறும். வீடு கட்டுறவுகளும் விடப்போறதில்ல. இத்தனை சனத்துக்கு நீங்களா கல்லுக் குடுப்பீக?"

அவர் சொன்னது சரிதான். நான் மட்டும் நிறுத்தினால் நஷ்டம் எனக்கு, பார் அவர்களுக்கு இல்லை. திரும்பி வரும் வழி முழுவதும் அதையே யோசித்தேன். படிக்காதவனுக்கு ஒரு வசதி, யோசிக்க வேண்டியதைப் பிரயாணத்திலேயே யோசித்து முடித்துவிடுவான். என் ஒரு லாரியை நிறுத்திப் பிரயோசனம் இல்லை. ஈரக்கல்லை எந்தக் காளவாய்க்காரரும் தொடக்கூடாது. ஒரு மழைவரை காசு முடங்கிக் கிடக்கும் என்றால் தரகரும் அவசரமாக வெட்டச் சொல்ல மாட்டார். தொட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். என்ன ஆகும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதைத்தான் வெளியே போகாமல் மூடி வைத்திருந்தேன்.

இந்த இடம்தான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. என் சுண்ணாம்பு கெட்டது என்று என் வாயால் சொல்வதா? பெயர்தான் எனக்கு இருந்த ஒரே மூலதனம். இரண்டு சந்தை நாட்களைச் சும்மா கடத்தினேன். மூன்றாவது வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனேன். பல ஊர்க் காளவாய்க்காரர்களும் கூடுகிற டீக்கடை ஒன்று உண்டு. கருப்பட்டிப் பாகு கெட்ட சட்டி ஒன்றைத் துணியில் கட்டிக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன்.

"என்னங்க இது?"

"என்ற சுண்ணாம்பு பூசுன கலயத்துப் பதனியில காச்சுன பாகு."

ஒருவர் விரலால் தொட்டு வாயில் வைத்து, வெளியே ஓடித் துப்பிவிட்டு வந்தார். கடையே சிரித்தது.

"உங்க சுண்ணாம்பா? எருத்தேன்பதிச் சுண்ணாம்பா?" எனக்கு எப்போதும் போட்டியாக இருந்தவர் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "நாக்குல வெச்சுப் பாக்கலீங்களா?"

"நானு ஊருல இல்லீங்க. குளிக்காத கல்லு. பச்சக் கல்லு. அந்தக் கடக்கரையில இப்ப வேற கல்லே இல்ல. அடுத்து உங்க காளவாய்க்குத்தான் வரும். பனையேறி ஒருத்தன் சட்டியோட வந்து வாசல்ல நிக்கறப்ப என்னைய நெனச்சுக்குங்க."

சிரிப்பு நின்றது. மழை குளித்த கல்தான் என்று கரையிலேயே காட்டாமல் ஒரு லோடும் எடுப்பதில்லை என்று அங்கேயே பேசி முடிவானது. போட்டிக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அதைவிடக் கசப்பான டீயை நான் குடித்ததில்லை. அடுத்த மாதமே என் வாடிக்கையில் சில பேர் அவரிடம் போனார்கள். பிற்பாடு திரும்பி வந்தார்கள், அது வேறு விஷயம். வராமல் எங்கே போவார்கள்?

வீடு கட்டுகிறவர்களின் கல்லுக்கு வழி என் லாரியிலேயே இருந்தது. இங்கிருந்து போகும்போது லாரி காலியாகத்தான் போகும். எலப்புள்ளிச் சூளையில் செங்கல் வாங்கி ஏற்றி அனுப்பினேன். திரும்பும்போது கல் குறைந்ததால் அந்த இடத்துக்கு உப்பும் கருவாடும் ஏற்றச் சொன்னேன். அது கம்பம் வழியாக மலையேறிக் கம்பம்மெட்டில் இறங்கிற்று. தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற, ஏலக்காய் பறிக்கிற தென்பக்கத்துச் சனம் கருவாட்டைக் கண்டால் விடாது. "இம்புட்டு நாளா வெள்ளப் பொடி வித்தீக, இப்பக் கருவாடா? அதுலயாச்சும் கலப்படம் பண்ணாம குடுங்க" என்று ஓர் அம்மா சொல்லிக்கொண்டே ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனார். தரும காரியம் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு லாபம்தான். என் காளவாயில் கலயத்துச் சுண்ணாம்புக்கு மட்டும் குளித்த கல், கட்டடத்துக்கு மறுபடியும் நம் காட்டுச் சுக்காங்கல் என்று ஆக்கினேன்.

செங்கல் வந்தும் குப்பத்தில் சண்டை ஓயவில்லை. கல் வெட்டிப் பிழைத்த கூலிக்காரர்கள், எங்கள் வயிற்றுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தானே. கடைசியில் ஊர் கூடி, தூரப் பாரில் வெட்டலாம், பக்கத்துப் பாரில் கடப்பாரை படக்கூடாது என்று தீர்த்தார்கள். எல்லை தெரிய வேண்டுமே என்றார் மீன்காரர். எங்கள் பக்கத்துப் பனையில் வயிரம் பாய்ந்த கம்புகளாகப் பார்த்து அறுத்து, செங்கல்லோடு அனுப்பி வைத்தேன். பாரின் இரண்டு ஓரத்திலும் வெட்டிய பள்ளத்திலும் நட்டார்கள்.

தூரப் பார் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. அதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தவும் என்னால் ஆகியிருக்காது. சனம் வருஷத்துக்கு வருஷம் கூடிற்று. நான்காவது தெருவும் வந்தது.

வாடைக்காற்று தொடங்கியபின் ஒரு செங்கல் லோடோடு நானும் போனேன். ராத்திரி முழுவதும் காற்று. காலையிலும் வானம் கருத்தே கிடந்தது. கரையில் நின்று பார்த்தேன். தூரத்தில் அலை ஆளுயரத்துக்கு எழும்பி வருகிறது, அந்தக் கம்புகளுக்குப் பக்கத்தில் வந்ததும் வெள்ளையாக உடைந்து விழுகிறது. வெட்டிய வாய் வழியாக மட்டும் கொஞ்சம் உள்ளே வந்து, மணலில் நக்கிவிட்டுத் திரும்புகிறது. இப்புறம் தண்ணீர் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாத்திரம் கழுவுகிற பெண்கள் எழுந்து ஓடவில்லை.

மீன்காரர் தன் வீட்டில் இருந்தார். போன வருஷம் அலை தொட்ட சுவரை இடித்துவிட்டு, என் செங்கல்லால் அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இத்தனை கிட்டத்துலயா மறுபடியும்?" என்றேன். "கொஞ்சம் தள்ளிக் கட்டக் கூடாதா?"

"தள்ளிக் கட்ட எடம் எங்க அண்ணே இருக்கு? பின்னாடி நாலாந்தெரு" என்றார். "பூச்சுக் கரண்டியை அந்தப் பக்கம் வச்சிருக்கேன், எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். பூச்சுக்கு அவர் வைத்திருந்தது என் சுக்காங்கல் சுண்ணாம்பு. கலவையில் தண்ணீர் கூடிப்போயிருந்தது. அப்படிப் போடக்கூடாது என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே குழைத்துக் கொடுத்தேன்.